ஹிஸ்டரி ஆஃப் இங்கிலீஷ் பேப்பரைக் கடற்கரையில உக்காந்து படிக்கிறது எப்படி

பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஹிஸ்டரி ஆஃப் இங்கிலீஷ் லாங்குவேஜ்னு ஒரு பேப்பர் வரும். நான் அதுல ரெண்டு தடவ அரியர் வச்சவ, அதனால அத எப்படிப் படிக்கக்கூடாதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். கைடுல இருந்தத அப்படியே முழுங்கினேன், ஓல்டு இங்கிலீஷ் 450ல இருந்து 1100, மிடில் இங்கிலீஷ் 1100ல இருந்து 1500, அதுக்கப்புறம் மாடர்ன், ஒவ்வொண்ணுக்கும் ஆறு ஆறு கேரக்டரிஸ்டிக்ஸ். ஹால்ல போய் உக்காந்தா 'விளக்குக'ன்னு கேட்டிருக்கான், எனக்கு நம்பர்தான் வருது, விஷயம் வரல.

மூணாவது தடவ படிச்சது தடைக்காலத்துல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில கெடக்கும்ல, அப்பா வீட்டு வாசல்ல கிழிஞ்ச வலைய சரிபண்ணிக்கிட்டு இருப்பாரு, நான் பக்கத்துல புக்கோட உக்காந்திருப்பேன். அப்ப பக்கத்து வீட்டு ஆறாப்புப் பய வந்து, "அக்கா, ஐலண்டுல எஸ் எதுக்குக்கா, யாருமே அதச் சொல்றதில்லையே"ன்னு கேட்டுட்டான். பாம்பன் தீவுல பொறந்து வளந்தவ நான், எனக்குப் பதில் தெரியல. அந்த ஒத்த எஸ்ஸத் தேடிப் போய்த்தான் மொத்தப் பேப்பரும் எனக்குத் தெறந்துச்சு. பதில் பின்னாடி வருது, மொதல்ல படிக்கிற முறையச் சொல்லிடுறேன்.

தேதி அஞ்சு போதும். நம்ம பக்கம் பெரியவங்க வயசு சொல்லும்போது வருஷமா சொல்றாங்க? 'புயலுக்கு முந்திப் பொறந்தவ', 'புயலடிச்சப்ப கைப்பிள்ள', இப்படித்தான் சொல்வாங்க. 1964 தனுஷ்கோடிப் புயல்தான் கணக்கு. இங்கிலீஷுக்கு அந்தப் புயல் 1066. அதுக்கு முன்னாடி ரெண்டு தேதி, 449, 793. பின்னாடி ரெண்டு, 1476, 1755. இந்த அஞ்சையும் ஒரு அட்டையில எழுதிச் செவுத்துல ஒட்டுங்க. மத்ததெல்லாம் இதுக்கு அங்கிட்டு இங்கிட்டு வந்து ஒட்டிக்கும்.

அடுத்தது சொல்லு. நான் செஞ்சது என்னன்னா, ஒரு நோட்ட எடுத்துக்கிட்டு ஜெட்டிக்குப் போய் கண்ணுல படுற பொருளுக்கெல்லாம் இங்கிலீஷ் பேர எழுதுனேன். ஸீ, போட், நெட், ஃபிஷ், ஆங்கர், ஸ்கை, கேப்டன், டெக், ஏலத்துக்குச் சொல்ற ஆக்‌ஷன், இந்த மாதிரி ஒரு நாப்பது அம்பது. வலையில வந்த மீனக் கரையில கொட்டி வகை வகையாப் பிரிச்சுக் கூறு போடுறோம்ல, அதே மாதிரி இந்தச் சொல்லையெல்லாம் எந்தப் படகுல வந்து எறங்குச்சுன்னு கூறு போடணும், அவ்வளவுதான். எந்தச் சொல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்க எட்டிமாலஜி டிக்‌ஷனரி நெட்ல ஃப்ரீயாவே கெடக்கு, போன் இருந்தாப் போதும்.

மொதக் கூறு, 449ல ஆரம்பிக்கிறது. அதுக்கு முன்னாடி பிரிட்டன்ல இருந்தது கெல்ட் ஆளுங்க, நடுவுல கி.பி. 43ல இருந்து ஏறத்தாழ 410 வரைக்கும் ரோமாபுரிக்காரன் ஆட்சி. அவன் போனப்புறம் வடக்கு ஜெர்மனி, டென்மார்க் கரையில இருந்து ஆங்கிள், சாக்ஸன், ஜூட்னு மூணு கூட்டம் கடல் தாண்டி வந்து எறங்குனாங்க. 449ங்கிறது பீடுங்கிற துறவி சொன்ன கணக்கு, அவரு சரித்திரத்த எழுதி முடிச்சது 731ல. எல்லாரும் ஒரே நாள்ல பெட்டி படுக்கையோட வந்து எறங்கல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்தாங்க. ஸீ, ஷிப், போட், நெட், ஃபிஷ், விண்ட், வாட்டர், சன், மூன், ஈட், ஸ்லீப் எல்லாம் இவங்க கொண்டாந்தது. வீட்டுச் சொல்லு, பெரும்பாலும் சின்னச் சொல்லு. கெல்ட் ஆளுங்க பாஷையில இருந்து வந்தது ரொம்பக் கம்மி, முக்கியமா ஆத்துப் பேருதான் மிஞ்சுச்சு. ஏவன்னு ஒரு ஆறு இருக்கு, அந்தச் சொல்லுக்கே கெல்ட் பாஷையில ஆறுன்னுதான் அர்த்தம், இப்ப ரிவர் ஏவன்னு சொல்றாங்க, அதாவது ஆறு ஆறு. நம்ம 'நடு சென்டர்'ல நிக்கிறோம்ல, அதே கதைதான்.

இந்த எடத்துல கிரிம்ஸ் லா வரும், அஞ்சு மார்க் நிச்சயம். எல்லாரும் பயப்படுறது இதுக்குத்தான், ஆனா நமக்கு இது ரொம்ப ஈஸி, ஏன்னா சமஸ்கிருதத்துல இருந்து வந்த சொல்லு கொஞ்சம் நம்ம வாயில ஏற்கனவே இருக்கு. பிதா, ஃபாதர். பாதம், ஃபுட். தந்தம், டூத். பாத்தீங்களா, அங்க ப இருந்தா இங்க ஃப, அங்க மெலிசா தங்கிற சத்தம் இருந்தா இங்க ட. லத்தீன்ல மீனுக்கு பிஸ்கிஸ், இங்கிலீஷ்ல ஃபிஷ். ஒண்ணு ரெண்டு சொல்லு இப்படி இருந்தா தற்செயல்னு விட்டுடலாம், வரிசையா ஒரே மாதிரி மாறியிருந்தா அது விதி. இத 1822ல ஒழுங்கா எழுதி வச்சது யாக்கோப் கிரிம், பிள்ளைகளுக்கு ராஜகுமாரி கதையெல்லாம் தொகுத்த அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல அண்ணன்காரர்.

அடுத்து ஓல்டு இங்கிலீஷ் கிராமர். கைடுல 'இன்ஃப்ளெக்‌ஷன்ஸ் நெறைய இருந்துச்சு'ன்னு ஒரு வரி இருக்கும், எனக்கு ரெண்டு வருஷமா அது வெளங்கவே இல்ல. விஷயம் இதுதான், நம்ம வேற்றுமை உருபு. 'நாய் மனுஷனக் கடிச்சுச்சு', 'மனுஷன நாய் கடிச்சுச்சு', எப்படி மாத்திப் போட்டாலும் கடிச்சது நாய்தான், ஏன்னா அந்த 'ன'ல ஐ ஒட்டிக்கிட்டு இருக்கு. ஓல்டு இங்கிலீஷும் அப்படித்தான் இருந்துச்சு. கல்லுக்கு ஸ்டான், கல்லோடன்னா ஸ்டானெஸ், கல்லுக்குன்னா ஸ்டானெ, கல்லுகள்னா ஸ்டானஸ். இன்னைக்கு ஃபிஷர்மேன்ஸ் போட்னு எழுதும்போது மேல ஒரு கொம்பு போட்டு எஸ் போடுறோமே, அது அந்தப் பழைய எஸ்ஸோட மிச்சம். பன்மைக்குப் போடுற எஸ்ஸும் அங்கிருந்து வந்ததுதான். உருபு தேஞ்சு போனதால இப்ப சொல்ல எடம் மாத்திப் போட்டா நாயக் கடிச்சது மனுஷன்னு ஆயிடுது. பத்து மார்க் கேள்விக்கு இந்த நாய எழுதுங்க, நான் எழுதுனேன், பாஸ் போட்டாங்க.

ரெண்டாவது கூறு வைக்கிங், டென்மார்க் நார்வேப் பக்கத்துல இருந்து வந்த கடல்கொள்ளைக்காரங்க. 793ல லிண்டிஸ்ஃபார்ன்னு ஒரு தீவு மடத்த அடிச்சுக் கொள்ளையடிச்சுட்டுப் போனாங்க, அப்புறம் கொள்ளைக்கு வந்தவன் குடியேறிட்டான். ஆல்ஃபிரட் ராஜா 878ல அவங்களத் தோக்கடிச்சாலும் மொத்தமா வெரட்ட முடியல, வடக்கு கிழக்குப் பக்கம் அவங்க கையிலயே இருந்துச்சு. அங்க பி-ஒய்னு முடியிற ஊரெல்லாம் அவங்க வச்ச பேரு, விட்பி, டெர்பின்னு, நம்ம பட்டினம், மடம், குடிங்கிற மாதிரி அந்த பி-ஒய்னா ஊரு.

இவங்க பாஷையும் இங்கிலீஷ்காரங்க பாஷையும் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரப் பாஷை. தலைமன்னார்ப் பக்கத்து ஆளுகிட்ட நம்ம ஆளு பேசுற மாதிரின்னு வச்சுக்கங்க, அவங்க 'கதைக்கிறம்'னு சொல்வாங்க, நாம 'பேசுறோம்'னு சொல்வோம், நடுவுல 30 கிலோமீட்டர் தண்ணி, ஆனா பேச்சு புரியும். அப்படிப் புரிஞ்சுக்கிட்டுப் பேசிப் பழகுறப்ப வாலு வேற வேறயா இருந்தா வால விட்டுட்டு வேரமட்டும் புடிச்சுக்குவோம்ல, மேல சொன்ன உருபு தேஞ்சதுக்கு அதையும் ஒரு காரணமாச் சொல்றாங்க. ஸ்கை, ஸ்கின், எக், லெக், நைஃப், ராங், டேக் எல்லாம் இவங்க கொடுத்தது. அதவிட ஆச்சரியம் தே, தெம், தெயர். அவங்க, அவங்கள, அவங்களோடங்கிற சொல்லையே கடன் வாங்குன பாஷை அது! கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, ஒரே வேர் இங்கிலீஷ்ல ஷ ஆயிருக்கும், வைக்கிங்கிட்ட ஸ்க அப்படியே நிக்கும். ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் அப்படி ஒரே வேர்ல பொறந்த ரெண்டு பிள்ளைங்க. எல்லா ஸ்கவுக்கும் இத மாட்டிராதீங்க, ஸ்கூல் லத்தீன் வழி வந்தது.

விண்டோங்கிற சொல்லுகிட்ட மட்டும் கொஞ்சம் நிக்கணும் நான். அவங்க பாஷையில விண்ட்அவ்கா, காத்தோட கண்ணுன்னு அர்த்தம். காத்துக்குன்னு செவுத்துல விட்ட ஓட்ட. நம்ம பழைய தமிழ்ல இதுக்கு காலதர்னு ஒரு சொல்லு இருக்கு, கால்னா காத்து, அதர்னா வழி. அங்க கண்ணு, இங்க வழி. சரி இப்ப நாம காலதர்னா சொல்றோம்? ஜன்னல்ங்கிறோம். அது போர்ச்சுகீசுக்காரன் ஜெனேலா, கப்பல்ல வந்து எறங்குனது. அவங்க ஜன்னலும் படகுல வந்துச்சு, நம்ம ஜன்னலும் படகுல வந்துச்சு! இது எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி ஜன்னலையே பாத்துக்கிட்டு படுத்திருந்தேன், அம்மா வந்து காச்சலான்னு தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க.

மூணாவது கூறுதான் புயல். 1066 அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ்ங்கிற எடத்துல சண்ட, பிரான்ஸோட வடக்குக் கரையில இருக்கிற நார்மண்டியில இருந்து வந்த வில்லியம் ஜெயிச்சான். அதுக்கப்புறம் ராஜா பிரபு மேல்சாமியார் எல்லாம் பிரெஞ்சு பேசுறவங்க, குடியானவன் பேசுறது இங்கிலீஷ், எழுதுறது பெரும்பாலும் லத்தீன். ஜட்ஜ், கோர்ட், பார்லிமென்ட், கவர்ன்மென்ட், கிரைம், பிரிசன் எல்லாம் பிரெஞ்சு வழி வந்தது, அதிகாரம் யாருகிட்ட இருந்துச்சுன்னு சொல்லே சொல்லிடும். மாடு உசுரோட இருந்தா கவ், தட்டுக்கு வந்தா பீஃப், பன்னி பிக், கறியானா போர்க், இந்த உதாரணம் எல்லாக் கைடுலயும் இருக்கும், எழுதலாம் மார்க் வரும், ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, அந்தக் காலத்துல பீஃப்ங்கிறத உசுரோட இருக்கிற மாட்டுக்கும் சொல்லியிருக்காங்க, இவ்வளவு சுத்தமாப் பிரிஞ்சது பின்னாடி. நம்மகிட்ட இதவிட நல்ல உதாரணம் இருக்கு. வீட்டுல சோறு, விசேஷ வீட்டுல சாதம், ஹோட்டல்ல ரைஸ். மூணும் ஒண்ணுதான், ஆனா மாத்திச் சொல்லிப் பாருங்க, எதோ தட்டும். அதே மாதிரி இங்கிலீஷ்ல ஆஸ்க் வீட்டுச் சொல்லு, கொஸ்டீன் பிரெஞ்சு வழி, இன்டராகேட் லத்தீன் வழி. கிங்லி, ராயல், ரீகல், இதுவும் அப்படியே. எந்தச் சொல்லுக்கு ஏன் மூணு இருக்குன்னு யாராவது கேட்டா சோறு சாதம் ரைஸ்னு சொல்லிடுங்க.

திரும்ப இங்கிலீஷ் மேல வந்தது எப்படின்னா, 1348ல பிளேக் வந்து ஏகப்பட்ட சனம் செத்து மிஞ்சுன கூலிக்காரனுக்கு மதிப்பு கூடிருச்சு, பிரான்ஸோட நீண்ட சண்ட வேற. 1362ல கோர்ட்ல வாதாடுறது இங்கிலீஷ்லதான் இருக்கணும்னு சட்டம் போட்டாங்க. இதுல கூத்து என்னன்னா அந்தச் சட்டத்தையே பிரெஞ்சுலதான் எழுதியிருந்தாங்க. அலுவலகத்துல தமிழ்லயே எழுதணும்னு சுத்தறிக்கை இங்கிலீஷ்ல வந்த மாதிரி. 1400ல செத்த கவிஞர் சாசர் இந்தக் காலத்து ஆளு, அவர அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம்.

இப்ப 1476. வில்லியம் காக்ஸ்டன்னு ஒருத்தர் லண்டன் பக்கத்துல வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் போட்டாரு. இவரு 1490ல அச்சடிச்ச ஒரு புஸ்தகத்தோட முன்னுரையில ஒரு கதை சொல்றாரு, கரையோரத்து ஆளுங்க மறக்கவே மாட்டீங்க. சில யாவாரிங்க தேம்ஸ் ஆத்துல கப்பலேறி கடலுக்கு அங்கிட்டு சீலாந்துக்குப் போகக் கெளம்புறாங்க, காத்து இல்ல, கப்பல் நகரல. சரி கரையேறி எதாவது சாப்புடுவோம்னு ஒருத்தர் ஒரு வீட்டுல போய் 'எக்ஸ்' குடுங்கன்னு கேக்குறாரு. அந்தம்மா, 'எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க'ங்குது. இவருக்குக் கோவம் வந்துருச்சு, ஏன்னா அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, கேட்டது முட்டைதான்! அப்புறம் கூட வந்த இன்னொருத்தர் 'ஐரென்' வேணும்ங்கிறாருன்னு சொன்னாரு, ஓ முட்டையான்னு அந்தம்மாவுக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. எக்ங்கிறது வடக்க வைக்கிங் வழி வந்த சொல்லு, ஐரென்ங்கிறது தெக்க மிஞ்சியிருந்த பழைய இங்கிலீஷ். காக்ஸ்டன் தலையில கைய வச்சுக்கிட்டு, இப்ப நான் எத அச்சடிக்கிறது, எக்ஸா ஐரெனான்னு கேக்குறாரு. அச்சு ஏன் ஒரு மொழிக்கு ஒரே உருவத்தக் குடுக்கணும்னு கேள்வி வந்தா வேற ஒண்ணும் தேட வேணாம், இந்த முட்டைய எழுதுனாப் போதும்.

அச்சு வந்ததுல ஒரு வம்பும் வந்துச்சு. எழுத்து ஒரு எடத்துல நின்னுருச்சு, நாக்கு நிக்கல. அதே காலத்துலதான், 1400ல இருந்து 1700 வரைக்கும்னு வச்சுக்கங்க, நெடில் சத்தமெல்லாம் எடம் மாறுது. கிரேட் வவல் ஷிஃப்ட்னு பேரு வச்சது டென்மார்க்காரர் ஜெஸ்பர்சன். புக்ல ஒரு முக்கோணப் படம் போட்டு அம்புக்குறி போட்டிருப்பான், அதப் பாத்துத்தான் நான் ரெண்டு தடவ கவுந்தது. படத்த மூடி வச்சுட்டு தமிழ் உயிரெழுத்த எடுத்துக்கங்க. ஆ ஏறி ஏ ஆச்சு, ஏ ஏறி ஈ ஆச்சு, ஓ ஏறி ஊ ஆச்சு, ஏற்கனவே உச்சியில இருந்த ஈயும் ஊவும் ஏற எடமில்லாம ஐயாவும் ஔவாவும் ஒடஞ்சு போச்சு. அதனால பழைய 'நாமெ' இப்ப நேம், 'ஃபேட்' இப்ப ஃபீட், 'மோன்' இப்ப மூன், 'டீமெ' இப்ப டைம், 'ஹூஸ்' இப்ப ஹவுஸ். வாயத் தெறந்து ஆ, ஏ, ஈன்னு சத்தமாச் சொல்லிப் பாருங்க, நாக்கு படிப்படியா மேல ஏறுறது தெரியும். நான் வீட்டுத் திண்ணையில உக்காந்து இப்படிக் கத்திக்கிட்டு இருந்தப்ப அப்பத்தா திருநீறு எடுத்துட்டு வந்துருச்சு, அது தனிக் கதை.

சத்தமில்லாத எழுத்தெல்லாம் இங்கதான் பொறக்குது. நைட், அதான் போர்வீரன், கே, என், ஐ, ஜி, ஹெச், டி. எழுதுன காலத்துல க்நிஹ்ட்னு எல்லா எழுத்தையும் சொல்லித்தான் இருந்தாங்க, கேயும் பேசுச்சு ஜிஹெச்சும் பேசுச்சு. வாயி விட்டுருச்சு, தாளு விடல. நமக்கு இது புதுசா என்ன? 'வாழைப்பழம்'னு எழுதிட்டு நம்ம ஊருல எத்தன பேரு ழவ ழவாச் சொல்றாங்க, 'வாளப்பளம்'தான். 'வந்துகொண்டிருக்கிறார்கள்'னு எழுதுறோம், 'வந்துக்கிட்டிருக்காங்க'ங்கிறோம். நான் அஞ்சாப்புல நைஃப்ங்கிறத க்னைஃப்னு வாசிச்சப்ப கிளாஸே சிரிச்சுச்சு, டீச்சர் கையில ஸ்கேலால ஒண்ணு வச்சாங்க. இப்பத் தெரியுது, நான் தப்பாப் படிக்கல, நானூறு ஐநூறு வருஷம் லேட்டாப் படிச்சிருக்கேன். ட்யூஷன் எடுக்கிறவங்க யாராவது இதப் படிச்சா, பிள்ளை நேம்ங்கிறத நாமேன்னு வாசிச்சா அடிக்காதீங்க, சாசர்கிட்ட விட்டா கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்குவாரு.

ஐலண்டோட எஸ் மட்டும் இந்தக் கணக்குல வராது, அதுதான் விசேஷம். அது எந்தக் காலத்துலயும் பேசுனதே இல்ல. பழைய இங்கிலீஷ்ல ஈய்லாண்ட், எஸ்ஸே கெடையாது. அப்புறம் படிச்ச மனுஷங்க, பிரெஞ்சு வழி வந்த ஐல்ங்கிற சொல்லையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற லத்தீன் இன்சுலாவையும் பாத்துட்டு, ஓ இதுவும் அந்தக் குடும்பம்போலன்னு 1500கள்ல ஒரு எஸ்ஸ உள்ள திணிச்சுட்டாங்க. குடும்பமே வேற! கடனுக்கு டெட்னு எழுதும்போது நடுவுல ஒரு பி நிக்குதே, அதுவும் இப்படித்தான், பிரெஞ்சுல இருந்து வந்தப்ப பி இல்ல, லத்தீன்ல டெபிடும்னு இருக்கேன்னு ஒட்ட வச்சது. அதுக்காவது லத்தீன் சொந்தம் நெசம், நம்ம தீவு எஸ்ஸுக்கு அதுவும் இல்ல. ஆறாப்புப் பயகிட்ட இதச் சொன்னேன், "அப்ப நான் எஸ் போடாம எழுதலாமாக்கா"ன்னான். போடாம எழுதுனா மார்க் போயிடும்டான்னேன்.

தவ், யூ பத்தி ஒரு கேள்வி வரும். இங்கிலீஷ்ல மரியாதை இல்ல, எல்லாருக்கும் யூதான்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க. இருந்துச்சு. தவ்ன்னா நீ, யீ, யூன்னா நீங்க. மொதல்ல பன்மை மட்டும்தான், அப்புறம் பிரெஞ்சுக்காரன் பழக்கத்தப் பாத்து ஒத்த ஆளுக்கும் மரியாதைக்கு யூ போட ஆரம்பிச்சாங்க, யாரையும் நீன்னு சொல்லிப் புண்படுத்திட வேணாம்னு எல்லாருக்கும் நீங்க போட்டுப் போட்டு 1600கள்ல நீ பேச்சுல பெரும்பாலும் கழண்டே போச்சு. அப்ப இன்னைக்கு இங்கிலீஷ்ல கெடைக்கிறது நீ இல்ல, எல்லாருக்கும் நீங்க. தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைங்க இங்கிலீஷ் ஜெபத்துல 'தை நேம்'னு சொல்வீங்கள்ல, உம்முடைய நாமம், அந்த தை இந்த தவ்வோட சொந்தம். சாமிய நீன்னு கூப்பிடுற உரிமை நம்ம அம்மாக்களுக்கும் இருக்கு, அவங்களுக்கும் இருந்துச்சு.

1755 சட்டுனு முடிஞ்சுடும். சாமுவேல் ஜான்சன் டிக்‌ஷனரி, ஏறத்தாழ 42,000 சொல்லு, எழுத்து இதுக்கப்புறம் பெருசா மாறல. அமெரிக்காவுல வெப்ஸ்டர் 1828ல தன்னோட பெரிய டிக்‌ஷனரிய போட்டு, கலர்ங்கிற சொல்லுல இருந்த யூங்கிற எழுத்த எடுத்துவிட்டாரு. ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி மொதப் பகுதி 1884, முடிஞ்சது 1928. போதும்.

கடைசிக் கூறு கடல்ல கெடச்ச சில்லறையெல்லாம். ஸ்கிப்பர், டெக், யாட் டச்சுக்காரன் குடுத்தது. அட்மிரல், மான்சூன் ரெண்டும் அரபி, மான்சூன் போர்ச்சுகீசு வழியாப் போச்சு, மவ்சிம்னா பருவம். நம்ம படகுல புடிக்கிற சுக்கானும் அரபிதான், கீழக்கரைப் பக்கம் கேட்டுப் பாருங்க. நம்ம வீட்டுல இருந்து போனதும் இருக்கு. 1600ல கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி, 1639ல மெட்ராஸ்ல எடம் புடிச்சு, யாவாரத்தோட சொல்லும் ஏத்துமதி ஆச்சு. கட்டுமரம், சுருட்டு செரூட், மிளகுத்தண்ணி மல்லிகட்டானி. டாம்பியர்னு ஒரு கப்பக்காரர் 1697ல அச்சான பயணப் புத்தகத்துலயே கட்டுமரத்த எழுதியிருக்காரு. ஆனா இன்னைக்கு வெள்ளக்காரன்கிட்ட கேட்டமரான்னு சொன்னா ரெண்டு ஒடம்பு ஒட்டுன சொகுசுப் படகக் காட்டுவான், மரத்தக் கட்டுனது அவனுக்குத் தெரியாது. இந்த மாதிரிச் சொல்லெல்லாம் தொகுத்து யூலும், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்த பர்னலும் 1886ல ஹாப்சன் ஜாப்சன்னு ஒரு அகராதி போட்டாங்க. அந்தப் பேரே மொகரத்துல 'யா ஹசன், யா ஹுசைன்'னு சொல்றத வெள்ளக்கார சிப்பாய் காதுல வாங்குன லட்சணம்.

இதச் சொன்னதும் வாட்ஸ்அப்காரங்க வந்துருவாங்க, எட்டுதான் எய்ட் ஆச்சு, ஒண்ணுதான் ஒன் ஆச்சு, எல்லா இங்கிலீஷ் சொல்லும் தமிழ்தான்னு. பேப்பர்ல தயவுசெஞ்சு இத எழுதிராதீங்க. சோதிக்க லேசான வழி இருக்கு, சொல்லப் பின்னாடி நடத்திக் கூட்டிட்டுப் போங்க. உண்மையான சொந்தம்னா பின்னாடி போகப் போக ஒத்துமை கூடணும். எய்ட் பழைய இங்கிலீஷ்ல எயஹ்டா, லத்தீன்ல ஆக்டோ, சமஸ்கிருதத்துல அஷ்ட, பின்னாடி போகப் போக நம்ம எட்டு விலகிக்கிட்டே போகுது. ஒன் முன்னாடி 'ஆன்'. ஆனா கட்டுமரத்தப் பின்னாடி நடத்துனா நேரா நம்ம கரையிலதான் வந்து நிக்கும், கொண்டுபோன கப்பல் யாரு, எழுதி வச்ச வருஷம் என்னன்னு சாட்சியோட. 1786ல கல்கத்தாவுல வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஒரே மூலம்னு பேசுனாரு, இங்கிலீஷும் அந்தக் குடும்பம். தமிழ் தனிக் குடும்பம்னு 1816ல எல்லிஸ் எழுதுனாரு, 1856ல கால்டுவெல் பெருசா எழுதுனாரு. தனிக் குடும்பம்ங்கிறதுல நமக்கு என்ன கொறைச்சல்னு எனக்குப் புரியல.

ஹால்ல எழுதும்போது ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தேதி, ஒரு சொல்லு, அது ஏன் மாறுச்சுங்கிற ஒரு காரணம், இந்த மூணையும் மொத மூணு வரிக்குள்ள வச்சுருங்க, அதுக்கப்புறம் கேரக்டரிஸ்டிக்ஸ் வரட்டும். திருத்துறவங்களும் அதே கைடப் படிச்சுச் சலிச்சவங்கதான்.

நான் பாஸ் ஆன அன்னைக்கு சந்தோஷத்துல ஜெட்டிக்குப் போய், மீன் ஏலம் விடுற அண்ணன்கிட்ட, "அண்ணே, நீங்க கத்துற ஏலம்ங்கிற சொல்லு நம்மளது இல்ல, போர்ச்சுகீசுக்காரன் லெய்லாவ்னு சொன்னது"ன்னேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. "வந்தவன் சொல்ல விட்டுட்டுப் போயிட்டான்ல, மீனக் கொண்டுபோகலேல்ல, கூடைய நகத்தும்மா"ன்னாரு.